அடிமடிப்பில் அண்ணன் கையெழுத்து

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பட்டறைக்குள் ஒரு சோப்பு வாசனை நுழைந்தது. பின்னாலேயே ஓர் அம்மாள் நுழைந்தாள்.

அட்டைப்பெட்டிப் பட்டறையில் பசை நாற்றத்தைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. அதனால் வேலையில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பசை மாஸ்டர் மட்டும் பார்க்கவில்லை. முப்பது வருடம் பசை கிண்டியதில் தனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

"என் பெட்டியெல்லாம் எப்படி வந்திருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேங்க," என்றாள் வந்தவள். வாயெல்லாம் பல்.

முதலாளி மேஜையில் இருந்த தங்கை நிமிர்ந்தாள். "எந்தப் பெட்டிங்க?"

சோப்புக்காரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. பைக்குள் கையை விட்டு உள்ளங்கை அளவில் ஒரு சாம்பிள் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதுதாங்க. ரெண்டாயிரம். செவ்வாய்க்கிழமை விடியும்போது லாரி வருது. என் சோப்பு முதல் தடவையா கப்பல் ஏறப்போகுது."

தங்கை பெட்டியைக் கவிழ்த்து அடிமடிப்பை விரித்தாள். உள்ளே நீல மையில், ர்-க்குப் புள்ளி வைக்கக்கூட நேரமில்லாத அவசரத்தில், அண்ணன் கையெழுத்து. பக்கத்தில் தேதி. சரியாக இருபது நாளைக்கு முந்தைய தேதி.

அவள் அடிமடிப்பை அவசரமாக மூடினாள்.

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரோடு கூடவே வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வரி. அப்பா விட்டுப்போன பட்டறை. முதலாளி தங்கை. வெளியே போய் வாடிக்கையாளரைப் பிடித்து வருவது அண்ணன். அண்ணனுக்கு ஊரில் 'சரிங்க' என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் "பத்தாயிரம் பெட்டி, ஒரே வாரத்துல" என்றார். "சரிங்க" என்றான். பசை காய்வதற்குள் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் அடி கழன்று பிஸ்கட் எல்லாம் தரையில் கொட்டியது. கம்பெனிக்காரர் தலைமுழுகிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தங்கை போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து உட்கார்ந்தது. "இனிமே இந்தப் பட்டறை பேர்ல நீ எங்கயும் எதுக்கும் தலையாட்டக் கூடாது!" ஆர்டர் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பட்டறை முத்திரையை வாங்கிக்கொண்டாள். சாவியை அவனே வைத்துவிட்டுப் போனான். இது நடந்து நாற்பது நாள். அண்ணனும் தங்கையும் பேசியும் நாற்பது நாள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. "அண்ணன் இனிமேல் எங்களுக்காக ஆர்டர் எடுக்க மாட்டார்" என்று வெளியே ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. வீட்டுச் சண்டையை ஊருக்குச் சொல்ல மானம் இடம்கொடுக்கவில்லை.

இந்தப் பட்டறையில் ஆர்டர் புத்தகம் எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். சாம்பிள் பெட்டியை எப்போதும் ஜோடியாகச் செய்வார்கள். ஒன்று வாடிக்கையாளர் கைக்குப் போகும், இன்னொன்று பட்டறை அலமாரிக்கு வரும். இரண்டின் அடிமடிப்பிலும் கையெழுத்து இருந்தால் பட்டறையே வாக்குக் கொடுத்த மாதிரி. அப்பா காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த முறை இது.

ஆக, வாக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியும் அண்ணன் கொடுத்திருக்கிறான். தடை போட்டு இருபது நாள் கழித்து.

'அவர் எங்க ஆள் இல்லைங்க.' இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், பட்டறை தப்பித்துவிடும். ஆனால் அதை வெளியாள் முன்னால் சொல்லிவிட்டால் அண்ணனை ஊரே மோசடிக்காரன் என்று பேசும். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவன் இந்த வாசலை மிதிக்க மாட்டான். அந்த வரி தங்கையின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு வர்றீங்களா? விவரமாப் பேசிரலாம்."

"ஏதாவது பிரச்சினையாங்க?" சோப்புக்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இந்தப் பெட்டி இல்லேன்னா அவங்க சரக்கை ஏத்த மாட்டாங்க. வீட்டு மாடியில நானும் என் மகளும் நாலு மாசமா சோப்பு அறுத்து அறுத்து..."

"மூணு மணிக்கு வாங்க," என்றாள் தங்கை.

*

வக்கீலைப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் அண்ணி. மோசடிக்காரன் என்று பேர் வாங்கப்போகிறவனின் சொந்தப் பெண்டாட்டி.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அண்ணியின் அலுவலகம். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, உட்கார்ந்தால் ஆள் மறைந்துபோகும் உயரத்துக்குக் கோப்புகள். தங்கை உள்ளே நுழைந்ததும் அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாற்பது நாள் ஆச்சு நீ இந்தப் பக்கம் வந்து. அழப்போறியா, சண்டை போடப்போறியா?"

"கேஸ் பேசப்போறேன்."

"உட்காரு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் உனக்கும் வக்கீல் இல்ல, உங்க அண்ணனுக்கும் வக்கீல் இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவ. தெரிஞ்ச சட்டத்தைச் சொல்றேன், அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காத."

தங்கை பெட்டியை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். அண்ணி கையெழுத்தைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வக்கீல்களுக்கு அது பழக்கம்.

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே அண்ணி! அப்புறம் எப்படி அவன் போட்ட கையெழுத்து என்னைக் கட்டும்?"

"யார்கிட்ட சொன்னே?"

"அவன்கிட்ட."

"சோப்புக்காரம்மாகிட்ட?"

தங்கை பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"பன்னிரண்டு வருஷமா அவரைத்தானே எல்லா இடத்துக்கும் அனுப்பினே? அவர் வந்தா பட்டறை வந்த மாதிரின்னு ஊரை நம்ப வெச்சது நீ. உள்ள நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டது வெளியில நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க உன்னை நம்பித்தான் அவரை நம்பினாங்க. அதனால அந்த வாக்கு உன் வாக்கு. நீ பெட்டி கொடுத்துத்தான் ஆகணும். கொடுத்துட்டு, வேணும்னா திரும்பி உங்க அண்ணன் மேல நஷ்டத்துக்குக் கேஸ் போடு." அண்ணி பேனாவைத் திறந்தாள். "போடறதுன்னா சொல்லு, நல்ல வக்கீலா ஒருத்தர் பேர் எழுதித் தரேன்."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி."

"கிண்டல் இல்ல, பயம்," என்றாள் அண்ணி. முதல் முறையாகக் குரல் வக்கீல் குரலாக இல்லை. "நீ சரி, கேஸ் போடறேன்னு சொல்லிட்டா?"

தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேஸெல்லாம் போடமாட்டேன். சட்டப்படி நான்தான் மாட்டிக்கிட்டேனா? அப்ப 'அவர் எங்க ஆள் இல்லை'ன்னு நான் சொல்லவே வேண்டாம் இல்ல?"

"சொன்னாலும் செல்லாது."

தங்கைக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. சட்டம் கையைக் கட்டிப்போட்டதற்காக ஒரு முதலாளி இவ்வளவு சந்தோஷப்பட்டு அண்ணி பார்த்ததே இல்லை.

"ரொம்ப சந்தோஷப்படாத. இதுல ஒரு ஓட்டை இருக்கு. 'எனக்கு அதிகாரம் இல்ல, கேட்டுத்தான் சொல்லணும்'னு உங்க அண்ணன் அந்தம்மாகிட்டயே சொல்லியிருந்தா கதை வேற. தெரிஞ்சே கையெழுத்து வாங்கினவங்க உன்னைப் பிடிக்க முடியாது. அப்புறம் பெட்டி கொடுக்கறதும் கொடுக்காததும் உன் இஷ்டம்."

"அவனா? அவன் வாயிலேர்ந்து 'கேட்டுச் சொல்றேன்'னு வருமா?" தங்கை கசப்பாகச் சிரித்தாள். "'சரிங்க'ன்னுதான் சொல்லியிருப்பான்."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வீட்டுல அவர் என்கிட்ட சொன்னது வீட்டோட. நீயே கேளு. மூணு மணிக்கு நானும் வரேன்."

*

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே சோப்புக்காரம்மா வந்துவிட்டாள். காலையில் இருந்த சிரிப்பு சுத்தமாகக் காணோம். பின்னால் வாசற்படிக்கு வெளியே இன்னொரு ஆள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு நின்றான்.

அண்ணன். நாற்பது நாளில் இளைத்திருந்தான். அண்ணி சமையல் மோசமில்லை, அது வேறு காரணம்.

"நான்தாங்க போன் பண்ணி வரச் சொன்னேன். என்னால இவருக்கு ஏதோ சங்கடம்னு மனசுக்குப் பட்டுச்சு," என்றாள் சோப்புக்காரம்மா.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி," என்றாள் தங்கை. "பெட்டி கேட்டப்ப இவர் என்ன சொன்னார்?"

சோப்புக்காரம்மா அண்ணனைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணியையும் பார்த்தாள். இந்தப் பதிலில்தான் தன் நாலு மாத உழைப்பு நிற்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் நேராகவே சொன்னாள்.

"முடியாதுன்னுதாங்க முதல்ல சொன்னார்."

"யாரு, இவரா?" என்று பசை மாஸ்டர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"மூணு தடவை சொன்னார். நான் நாலாயிரம் கேட்டேன், ரெண்டாயிரம்தான் ஆகும்னார். வெள்ளிக்கிழமை கேட்டேன், பசை ரெண்டு நாள் காயணும், செவ்வாய்க்கு முன்னாடி தொடவே விடமாட்டேன்னார். அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னார்..." அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "'இப்ப எனக்கு அதிகாரம் கிடையாது. எங்க தங்கச்சியைக் கேட்கணும். அவ வேண்டாம்னா நானே வந்து சொல்லிடறேன்'னு சொன்னார். வந்து சொல்லலை. அதனால நீங்க சரின்னுட்டீங்கன்னு நினைச்சேன். பொய் சொல்லித்தான் வரணும்னா அந்தப் பெட்டி எனக்கு வேண்டாங்க."

அண்ணி மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தங்கைக்குத் தெரியும். கட்டு அவிழ்ந்துவிட்டது. அந்த அம்மாளே தன் வாயால் அவிழ்த்துவிட்டாள். இப்போது சட்டம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் தங்கை கையில்.

அவளுக்கு அதெல்லாம் ஏறவே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் காதில் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னைக் கேட்கணும்னு சொல்லிட்டு ஏன்டா கேட்கலை?" நாற்பது நாளைக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கேட்டேனே."

"எப்போ?"

"இருபது நாள் முன்னாடியே. பெட்டியில எழுதி வெச்சேன். நீ பதிலே சொல்லல."

"எந்தப் பெட்டியில?"

அண்ணன் இன்னொரு செருப்பையும் கழற்றினான். உள்ளே வந்தான். நேராகச் சாம்பிள் அலமாரிக்குப் போனான். அங்கே கீழ் வரிசை அவனுடையது. அந்த வரிசை முழுவதையும் மூடி ஒரு பழைய துணி தொங்கியது. சண்டை நடந்த அன்றைக்கே, அவன் கையெழுத்துப் போட்ட பெட்டிகளைப் பார்க்கச் சகிக்காமல் தங்கை தன் கையாலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்ட துணி.

அண்ணன் துணியைத் தூக்கினான். முன்னாலேயே இருந்தது, சோப்புப் பெட்டியின் ஜோடி. எடுத்து நீட்டினான்.

தங்கை அடிமடிப்பை விரித்தாள். அதே நீல மை. 'ரெண்டாயிரம், செவ்வாய். நம்ம இடது மெஷின் அதுக்கு முந்தின வியாழனும் வெள்ளியும் காலி, கணக்குப் பார்த்துட்டேன். பாவம் அந்தம்மா. உனக்குச் சம்மதமான்னு கேட்டுக்கறேன். வேண்டாம்னா கத்து.'

தங்கை திரும்பி இடது மெஷினைப் பார்த்தாள். காலையிலிருந்து அது சும்மாதான் நிற்கிறது.

"மதியம் நீ சாப்பிடப் போற நேரத்துல வந்து வெச்சேன்," என்றான் அண்ணன். "நம்ம வீட்டுல உனக்கு ஒண்ணு பிடிக்கலேன்னா தெரு முனை வரைக்கும் கேட்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே? சத்தமே வரல. நீ சரின்னுட்டேன்னு நினைச்சுட்டேன்."

"நான் பார்க்கவே இல்லையே! துணி போட்டு மூடியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது." அண்ணன் தலையைச் சொறிந்தான். "என் பெட்டிமேல தூசி படக் கூடாதுன்னு நீ போட்டிருக்கேன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு."

தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பசை மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "இவன் வந்து வெச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனே."

"சொல்றதுக்கென்ன?"

"அவர் பேரை யாரும் இங்க எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றார் பசை மாஸ்டர், வெகு நிதானமாக.

அதற்குமேல் பட்டறையில் ஒருத்தராலும் அடக்க முடியவில்லை. கட்டிங் மெஷின்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அட்டைக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தாலும் சோப்புக்காரம்மாவும் சிரித்தாள். தனக்கு நல்லதுதான் நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி மட்டும் விரலால் மேஜையைத் தட்டினாள். "சிரிச்சது போதும். தெரிஞ்சும் பேசாம இருந்திருந்தா அது சம்மதம். நீ துணிக்கு இந்தப் பக்கம் இருந்தே, உனக்குத் தெரியவே தெரியாது. அதனால சட்டப்படி நீ இன்னும் பதில் சொல்லல. இப்ப சொல்லு. ஒத்துக்கறதுன்னா முழுசா ஒத்துக்கணும். ரெண்டாயிரம் சரி, செவ்வாய் முடியாதுன்னு பேசக் கூடாது. ஒத்துக்கிட்டா, அவர் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே நீ அனுமதி கொடுத்த மாதிரி ஆயிடும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

அதாவது இருபது நாளைக்கு முன்னால் கையெழுத்துப் போட்டபோதே அண்ணன் தடையை மீறவே இல்லை என்று ஆகிவிடும். கழிந்துபோன நாட்களைத் திருத்த வழியிருக்கிறது என்று தங்கைக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்னொருத்தர் வாயால் கேட்டிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டாள்.

அவள் அண்ணியின் பேனாவை வாங்கினாள். இரண்டு பெட்டிகளிலும் அண்ணன் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"அவன் போட்ட தேதியே போட்டுரட்டுமா அண்ணி?"

"ஐயோ, அது போர்ஜரி! இன்னிக்குத் தேதி போடு. பின்னாடி போறதைச் சட்டம் பார்த்துக்கும்."

சோப்புக்காரம்மா தன் பெட்டியைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம். "அப்ப இவர் உங்க ஆள்தானுங்களே?"

காலையில் நாக்கு நுனி வரைக்கும் வந்த அந்த வரியைத் தங்கை நினைத்துப் பார்த்தாள்.

"எங்க ஆள்தாங்க," என்றாள். "எங்க அண்ணன்."

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இடது மெஷினுக்குப் போய் சுவிட்சைப் போட்டான். அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்ட மாதிரி இருந்தது தங்கைக்கு. மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்க்காத மாதிரி பார்த்தான்.

அண்ணி பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "அப்பாடா! இன்னிக்கு ராத்திரியாவது மனுஷர் ஒழுங்காச் சாப்பிடுவார்."

இனி அந்தத் துணி எதற்கு? தங்கை அலமாரிக்குப் போய் இரண்டு ஆணியையும் பிடுங்கினாள். துணி கீழே விழுந்தது. சோப்புப் பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால், கொஞ்சம் பெரிசாக, புத்தம் புதிதாக இன்னொரு பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கும் பின்னால் ஒன்று.

பெரிய பெட்டியை எடுத்தாள். அதில் அச்சடித்திருந்த முத்திரையை அவள் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். தலைமுழுகிவிட்டுப் போன அதே பிஸ்கட் கம்பெனி. அடிமடிப்பை விரித்தாள். முப்பத்தைந்து நாளைக்கு முந்தைய தேதி. நீல மையில் இரண்டே வரி.

'நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப நமக்கே தர்றாங்களாம், ஆனா ஒரு நிபந்தனை. சம்மதமா? வேண்டாம்னா கத்து.'

"அண்ணா," என்றாள் தங்கை, மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. "இந்தத் துணிக்குப் பின்னாடி மொத்தம் எத்தனை பெட்டி வெச்சே?"

அண்ணன் மெஷினைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

அண்ணி பைக்குள் கையை விட்டு, மூடிய பேனாவை மறுபடி எடுத்தாள்.